குடியிருந்த பழைய வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2005 அக்டோபர் 1-ஆம் தேதி டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தம் பெயரில் ஒரு வீடு வாங்கினார். பத்து ஆண்டுகள் குடும்பத்தோடு அதில் குடியிருந்தார். 2015 செப்டம்பர் கடைசியில் வேலை மாற்றலாகி மிட்ராண்டுக்குப் போனார். அங்கே வேறொரு வீடு வாங்கிக் குடியேறினார். டர்பன் வீட்டை வாடகைக்கு விட்டார். இப்போது அந்த வீட்டை விற்றுவிட்டார். ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 30, விலை 16.5 லட்சம் ராண்ட். வீட்டுத் தரகர் “20 லட்சத்துக்குக் கீழே என்றால் வரியே கிடையாது” என்கிறாராம். மைத்துனர் “விலையில் 18% கட்ட வேண்டும், 2,97,000 எடுத்து வையுங்கள்” என்கிறாராம். யார் சொல்வது சரி என்பது முதல் கேள்வி. விற்பதற்கு முன் ஒரு வருஷமாவது திரும்பிப் போய் அங்கே வசித்திருந்தால் வரியே வந்திருக்காதே என்று மனைவி வருந்துகிறார். அது உண்மையா என்பது இரண்டாவது.

தம்பி, இருவர் சொல்வதும் தவறு. நீங்கள் வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மைத்துனர் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வரும். கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். முப்பது ஆண்டுகளாக டர்பனில் மற்றவர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். நம்மவர்கள் இந்த ஒரு விஷயத்தில் காதில் விழுந்ததை நம்பி வீண் பயமும் வீண் தைரியமும் கொள்வதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வியை ஒட்டிய மற்ற நிலைமைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் குடும்பங்களில் வீடு என்பது வெறும் சொத்தாக இருந்ததில்லை. டர்பனின் மேகசின் பாரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் இருந்தவர்களை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் பெயர்த்தெடுத்து 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் மாநகராட்சிக்கு வாடகை, பிறகு தவணை, கடைசியில்தான் பத்திரம். அப்படிக் கைக்கு வந்த வீட்டை விற்கும்போது அரசாங்கம் மறுபடியும் கை நீட்டுகிறதே என்ற கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தோடேயே வரிப் படிவத்தை நிரப்பக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். சட்டம் குடியிருந்தவருக்கு நிறையவே விட்டுக்கொடுக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

மூலதன ஆதாய வரி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது 2001 அக்டோபர் 1-ஆம் தேதி. அது தனி வரி அன்று, வருமான வரியின் ஒரு கிளை. 1962-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இருக்கிறது. வரி விலைக்கு இல்லை, லாபத்துக்குத்தான். லாபம் முழுவதற்கும்கூட இல்லை. தனிமனிதர் என்றால் லாபத்தில் 40% மட்டுமே அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. அந்த 40%-க்கு, வருமான வரியின் உச்சப் படியான 45%-ஐப் போட்டால் 18% வருகிறது. உங்கள் மைத்துனர் எங்கேயோ கேட்ட 18% இதுதான். உச்சப் படியில் இருப்பவருக்கு, அதுவும் லாபத்தின் மேல். விலையின் மேல் யாருக்கும் இல்லை.

தரகர் சொன்ன 20 லட்சத்துக்கு வருகிறேன். இங்கே பேச்சில் ‘இரண்டு மில்லியன்’ என்று சொல்லிச் சொல்லி, இரண்டு வெவ்வேறு சலுகைகளை ஒன்றாக்கிவிட்டார்கள். முதல் சலுகை, சட்டம் ‘முதன்மை வசிப்பிடம்’ என்று சொல்லும் நம் குடியிருப்பு வீட்டை விற்று வரும் லாபத்தில் 20 லட்சம் வரை கணக்கில் சேராது என்பது. 2001-இல் 10 லட்சமாகத் தொடங்கி, 2006-இல் 15 லட்சமாகி, 2012-இல் 20 லட்சமானது. இரண்டாவது சலுகை, விற்ற விலையே 20 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் லாபத்தைக் கணக்கே பார்க்க வேண்டாம் என்பது. தரகர் மனத்தில் இருப்பது இந்த இரண்டாவது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: வீடு உங்கள் கையில் இருந்த காலம் முழுவதும், அதாவது 2001 அக்டோபருக்குப் பிந்தைய காலம் முழுவதும், நீங்கள் அதில் குடியிருந்திருக்க வேண்டும், அதில் ஒரு பகுதியைக்கூட எப்போதும் தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. வாடகைக்கு விடுவதும் சட்டத்தின் கண்ணில் தொழில்தான். பத்து ஆண்டுகள் வாடகைக்கு விட்ட உங்களுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. முதல் சலுகையின் கதவு மட்டும் பாதி திறந்திருக்கிறது. நான் இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் நீங்கள் விற்ற, 2026 பிப்ரவரியோடு முடியும் வரியாண்டுக்கானவை. வேறு ஆண்டில் விற்பவர்கள் அந்தந்த ஆண்டின் தொகையைப் பார்க்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் இவை மாறுவதுண்டு.

இனி உங்கள் கணக்கு. நீங்கள் அனுப்பிய விவரப்படி வாங்கிய விலை 5,60,000. வாங்கும்போது கட்டிய சொத்து மாற்ற வரியும் வக்கீல் கட்டணமும் 36,000. ரசீதுகளோடு இருக்கும் கட்டட வேலை 1,54,000. விற்கும்போது தரகருக்குக் கொடுத்தது 1,00,000. இவை எல்லாம் அடக்கவிலையில் சேரும், கூட்டினால் 8,50,000. விற்ற 16,50,000-இல் இதைக் கழித்தால் லாபம் 8,00,000.

வீடு உங்கள் கையில் இருந்தது இருபது ஆண்டுகள், குடியிருந்தது பத்து. காலத்தின் விகிதத்தில் லாபத்தைப் பிரிக்க வேண்டும். குடியிருந்த பாதிக்குரிய 4,00,000 முழுவதும் சலுகைக்குள் அடங்கிவிடுகிறது. மற்ற 4,00,000-இல் தனிமனிதருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் 40,000 விலக்கைக் கழித்தால் 3,60,000. அதில் 40% என்றால் 1,44,000. இதுதான் உங்கள் சம்பளத்தோடு கூட்ட வேண்டிய தொகை. உங்கள் வருமானம் 36% படியில் இருந்து, இந்தத் தொகையும் அந்தப் படிக்குள்ளேயே அடங்கினால், வரி 51,840 ராண்ட். மைத்துனர் எடுத்து வைக்கச் சொன்ன 2,97,000-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் கையில் இருக்கும் ஒரே நெம்புகோல் அடக்கவிலை. விற்ற விலையும் தேதிகளும் இனி மாறா. அடக்கவிலையோ, எத்தனை காகிதங்களைத் தேடி எடுக்கிறீர்களோ அத்தனை உயரும். ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான் டர்பனின் ஃபீனிக்ஸில் இருந்தபோது, 2003-இல், வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள் கட்டினேன். நான் வேலைக்குப் போய்விடுவேன், மேற்பார்வை அப்பா. கட்டியவர் நல்ல வேலைக்காரர், ஆனால் ரொக்கம்தான் வாங்குவார், ரசீது கொடுக்க மாட்டார். 2009-இல் வேறு வீட்டுக்குப் போனோம். 2014-இல் அந்த வீட்டை விற்றபோது அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜைமேல் கொட்டினேன். ஹார்ட்வேர் கடை ரசீதுகள் பாதிக்கு மேல் வெளுத்துப்போய் வெறும் வழவழப்பான தாளாக இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஓர் எண் மங்கலாகத் தெரிந்தது. அவற்றுக்கு அடியில் அப்பாவின் சிறிய நோட்டுப்புத்தகம். மாலைத் தமிழ்ப் பள்ளியில் படித்த கையெழுத்து. ‘சிமெண்டு 20 மூட்டை. ஜன்னல் 4. கொத்தனாருக்குக் கொடுத்தது 3,500’ என்று நாள்வாரியாக எழுதி, பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போட்டு, கீழே இரட்டைக் கோடு இழுத்திருந்தார். அதை மட்டும் காட்டினால் போதாது என்று எனக்குத் தெரியும். வங்கியில் பணம் எடுத்த தேதிகளை அந்த நோட்டின் தேதிகளோடு பொருத்தினேன். மாநகராட்சி அனுமதித்த கட்டட வரைபடத்தின் நகலை வாங்கினேன். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போன தொகையை மட்டும் படிவத்தில் எழுதினேன். ஒத்துப்போகாத முப்பதாயிரத்துச் சொச்சத்தை விட்டுவிட்டேன். அப்பா எழுதாமல் இருந்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

ரசீதுகளை இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த மெல்லிய தாள் ஐந்தாறு ஆண்டுகூடத் தாங்காது. எது சேரும், எது சேராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகக் கட்டியது, கூட்டியது, மேம்படுத்தியது சேரும். அந்த மேம்பாடு விற்கும் நாளில் வீட்டில் இருக்கவும் வேண்டும்: 2008-இல் போட்ட சமையலறையை 2019-இல் இடித்துவிட்டு வேறு போட்டிருந்தால் 2008-இன் செலவு போயிற்று. சுவருக்கு வண்ணம் அடித்தது, ஒழுகிய கூரையைப் பழுதுபார்த்தது, மாநகராட்சி வரி, காப்பீடு, வங்கிக் கடனுக்கு மாதாமாதம் கட்டிய வட்டி ஆகியவை அடக்கவிலையில் சேரா. வட்டியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். இருபது ஆண்டுகள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கட்டிய வட்டி என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் சேராது. வாடகைக்கு விட்டிருந்த காலத்து வட்டியையும் பழுதுச் செலவையும் மட்டும் அந்தந்த ஆண்டு வாடகை வருமானத்தில் கழித்திருக்கலாம்.

வாடகை என்றதும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை, அதனால் கேட்கிறேன். பத்து ஆண்டு வாடகையைப் படிவத்தில் காட்டினீர்களா? காட்டியிருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். காட்டாதிருந்தால், வீட்டு விற்பனையைப் படிவத்தில் எழுதும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். பாதிக் காலம் குடியிருக்கவில்லை என்று நீங்களே எழுதித் தரும்போது, அந்தக் காலத்தில் வீட்டில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி அடுத்த வரியிலேயே வரும். தாமாக முன்வந்து அறிவிப்பவர்களுக்கென்று வருவாய்த் துறையில் ஒரு திட்டம் உண்டு. அதில் போனால் வரியும் வட்டியும் கட்ட வேண்டும்; ஆனால் குறைத்துக் காட்டியதற்கான பெரிய அபராதமும் வழக்கும் நீங்கும். அவர்கள் விசாரணையைத் தொடங்கும் முன் நீங்கள் போக வேண்டும். அதுதான் அதன் உயிர்நாடி. இதற்கு மட்டும் பதிவு பெற்ற வரி ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருக்காத காலத்தையும் குடியிருந்ததாகவே எண்ணும் விதிகள் இரண்டு இருக்கின்றன. உங்களுக்கு அவை பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு சிலருக்குப் பொருந்தும்.

ஒன்று இரண்டாண்டு விதி. புதிய வீடு வாங்கியதால், அல்லது வாங்கப்போவதால், பழைய வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டுக் காலி செய்தீர்கள், ஆள் கிடைக்கவில்லை. அந்தக் காத்திருப்பில் இரண்டு ஆண்டுகள் வரை குடியிருந்ததாகவே கணக்கு. நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்துக்கும், உரிமையாளர் இறந்த பிறகான காலத்துக்கும் இதே இரண்டாண்டு உண்டு. விபத்தாக வீடு குடியிருக்க முடியாமல் போன காலத்துக்கும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மண் சரிந்து சுவர் பிளந்து உறவினர் வீட்டுக்குப் போய்த் தங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் பழுதுபார்க்க எடுத்த மாதங்களைக் ‘குடியிருக்காத காலம்’ என்று தங்கள் கையாலேயே எழுதி இழக்கக் கூடாது. வெள்ளத்துக்குப் பிந்தைய படங்களையும் காப்பீட்டுக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

மற்றொன்று ஐந்தாண்டு வாடகை விதி. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாமல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே போயிருந்தால், அந்தக் காலமும் குடியிருந்த காலமே. அதற்கு, வெளியே போவதற்கு முன் தொடர்ந்து ஓராண்டாவது அதில் வசித்திருக்க வேண்டும். திரும்பி வந்த பின்னும் தொடர்ந்து ஓராண்டாவது வசிக்க வேண்டும். இடையில் வேறெந்த வீட்டையும் முதன்மை வசிப்பிடமாகக் காட்டியிருக்கக் கூடாது. போன காரணம், தற்காலிகமாக நாட்டை விட்டுப் போனதாகவோ, உள்நாட்டில் அந்த வீட்டிலிருந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் வேலையோ தொழிலோ பார்த்ததாகவோ இருக்க வேண்டும். டர்பன்காரருக்கு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் என்றால் தூரம் சரி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் ரிச்சர்ட்ஸ் பேயும் எட்டாது. நர்ஸ் வேலைக்கு நான்கு ஆண்டுகள் வெளிநாடு போய் வந்து, தன் வீட்டில் ஒன்றரை ஆண்டு இருந்துவிட்டு விற்ற ஒரு பெண்ணுக்கு இந்த விதி முழுமையாகக் கைகொடுத்தது. அவர் பயந்தது வேறு, நடந்தது வேறு.

நீங்கள் தம்பி, இருவராகப் பதிவு செய்த வீடா, உங்கள் பெயரில் மட்டுமா என்று நான் இரண்டு முறை கேட்டதற்குக் காரணம் உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் லாபம் இரண்டாகப் பிரியும். 20 லட்சம் சலுகை வீட்டுக்கு ஒன்றுதான். அதுவும் பங்குக்கேற்பப் பிரியும். ஆனால் 40,000 விலக்கு ஆளுக்கு ஒன்று; வருமானப் படியும் அவரவர் படி. சொத்துப் பொதுவுடைமை முறையில் திருமணம் செய்தவர்களுக்குப் பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் பொதுவாக லாபம் பாதிப்பாதிதான். திருமண ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் நீங்கள் இந்த முறையில்தான் இருப்பீர்கள். அப்படியானால் உங்கள் கணக்கில் சேரும் லாபம் இருவருக்கும் தலா 2,00,000. விலக்குப் போகத் தலா 1,60,000. வருமானத்தோடு சேர்வது தலா 64,000. தங்கையின், அதாவது உங்கள் மனைவியின், சம்பளம் உங்களுடையதைவிடக் குறைவு என்றால் மொத்த வரி இன்னும் இறங்கும். திருமணச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இதைக் கவனிக்காமல் முழுத் தொகையையும் ஒருவர் தலையில் எழுதிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின்கட்டு அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டுவிட்டு முன்வீட்டில் குடியிருக்கும் வழக்கம் சாட்ஸ்வொர்த்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கு லாபத்தைக் காலத்தால் பிரிப்பதில்லை, பரப்பால் பிரிக்க வேண்டும். மொத்தக் கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாடகைக்குப் போனால், அந்தக் காலத்துக்குரிய லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு சலுகைக்கு வெளியே. அத்தோடு, விலை 20 லட்சத்துக்கு உட்பட்டால் கணக்கே வேண்டாம் என்ற அந்த இரண்டாவது சலுகையும் போய்விடும். வீட்டைச் சுற்றிய நிலம் இரண்டு ஹெக்டேர் வரை சலுகைக்குள் வரும். நம் மனைகளுக்கு இது பிரச்சினையே இல்லை, வடக்குக் கடற்கரைப் பக்கம் கரும்புத் தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2001-க்கு முன்பிருந்தே கையில் இருக்கும் வீடுகளுக்கு வேறு ஒரு கதை. வரி பிறப்பதற்கு முன் விளைந்த லாபத்துக்கு வரி இல்லை. ஆகவே 2001 அக்டோபர் 1 அன்று வீட்டின் மதிப்பு என்ன என்று நிறுவ வேண்டும். 2004 செப்டம்பர் 30-க்குள் மதிப்பீடு செய்து எழுதி வாங்கி வைத்தவர்களுக்கு அந்த மதிப்பே போதும். பெரும்பாலோர் செய்யவில்லை. அவர்களுக்கு இரண்டு வழிகள். விற்ற விலையிலிருந்து 2001-க்குப் பிந்தைய செலவைக் கழித்து, மீதியில் 20%-ஐ எடுப்பது ஒன்று. காலத்தின் விகிதத்தில் பிரிப்பது மற்றொன்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1985 அக்டோபர் 1-இல் மாநகராட்சியிடம் 15,000 ராண்டுக்கு வாங்கிய வீடு, பிறகு பெரிய செலவு ஒன்றும் இல்லை, 2025 செப்டம்பர் 30-இல் 12,00,000-க்கு விற்றது என்று வையுங்கள். 20% வழியில் அடக்கவிலை 2,40,000. கால விகித வழியில்: விலை வேறுபாடு 11,85,000, நாற்பது ஆண்டுகளில் பதினாறு ஆண்டுகள் 2001-க்கு முன்பு, பதினாறின் பங்கு 4,74,000, அதோடு வாங்கிய 15,000-ஐக் கூட்டினால் 4,89,000. எந்த வழி அதிகம் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டரை லட்சம் வித்தியாசம்! 20% வழி எளிது என்பதற்காக அதையே எழுதிவிடும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அம்மா அப்பா விட்டுப்போன வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கணவன் இறந்து மனைவிக்கு வீடு வரும்போது வரி இல்லை. கணவர் குடியிருந்த காலமும் அவர் வாங்கிய விலையும் அப்படியே மனைவியின் கணக்குக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு வரும்போது அப்படி இல்லை. இறந்தவர் அன்று வீட்டைச் சந்தை விலைக்கு விற்றதாகவே சட்டம் கொள்கிறது. அந்த லாபத்துக்கு அவருடைய சலுகைகள் கிடைக்கும். இறந்த ஆண்டின் விலக்கு 40,000-க்குப் பதிலாக 3,00,000. பிள்ளைகளுக்கு அடக்கவிலை, இறந்த நாளின் சந்தை மதிப்பு. இங்கேதான் நம்மவர்கள் தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மேல் விதிக்கும் எஸ்டேட் வரி வந்துவிடுமோ என்று பயந்து, மாநகராட்சியின் பழைய குறைந்த மதிப்பையே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எஸ்டேட் வரிக்கு 35 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. பெரும்பாலான சாட்ஸ்வொர்த் வீடுகள் அதற்கு அருகில்கூட வருவதில்லை. பயப்பட வேண்டாத வரிக்குப் பயந்து எழுதிய அந்தக் குறைந்த மதிப்பு, எட்டு ஆண்டுகள் கழித்து விற்கும்போது பிள்ளைகளின் லாபத்தை வீங்கச் செய்கிறது. இறந்த ஆண்டிலேயே நல்ல மதிப்பீட்டாளரிடம் உண்மையான மதிப்பை எழுதி வாங்குங்கள்.

நான்கு பிள்ளைகள், அதில் ஓர் அக்கா மட்டும் அந்த வீட்டிலேயே இருந்து அம்மாவின் காமாட்சி விளக்கை ஏற்றிவருகிறார் என்று வையுங்கள். இறந்த நாளின் மதிப்பு 9 லட்சம், செலவு போக விற்றுக் கைக்கு வந்தது 14 லட்சம். லாபம் 5 லட்சம், தலைக்கு 1,25,000. அக்காவின் பங்குக்கு வரி இல்லை. அது அவர் வீடு. மற்ற மூவருக்கும் அது பிறந்த வீடு, ஆனால் வசிப்பிடம் இல்லை. ஆளுக்கு 40,000 போக 85,000; அதில் 40%, 34,000, அவரவர் வருமானத்தோடு சேரும். ‘அக்காவுக்கு இல்லாத வரி எனக்கு மட்டும் ஏன்’ என்று தம்பிமார் முகம் திருப்பிக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். அக்கா எதையும் ஒளிக்கவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதை விற்பதற்கு முன்பே எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ குடிபெயர்ந்துவிட்ட பிள்ளைகள் இங்குள்ள வீட்டை விற்றாலும் இங்கே வரி உண்டு. நிலமும் வீடும் இருக்கும் நாட்டுக்கே அந்த உரிமை. விலை 20 லட்சத்துக்கு மேல் போனால், வாங்குகிறவர் விலையில் 7.5%-ஐப் பிடித்து வருவாய்த் துறைக்கு நேராகக் கட்ட வேண்டும். அது இறுதி வரி அன்று, முன்பணம். உண்மையான வரி குறைவு என்று காட்டி, பிடிக்கும் தொகையைக் குறைக்கும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பதிவு நாளுக்கு முந்திய வாரம் விழித்துக்கொண்டால் நேரம் போதாது.

விற்ற நாள் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திர அலுவலகத்தில் பெயர் மாறிய நாள் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாள். வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைத்தால்தான் செல்லும் என்று நிபந்தனை இருந்தால், கடன் கிடைத்து அந்த நிபந்தனை நிறைவேறிய நாள். வரியாண்டு பிப்ரவரியோடு முடிவதால், ஜனவரியில் எழுதிய ஒப்பந்தத்துக்கு மார்ச்சில் கடன் கிடைத்தால் லாபம் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் நிபந்தனை ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே செப்டம்பர் 30 நிற்கும். நீங்கள் முன்கூட்டி வரி கட்டும் பிரிவில் இருந்தால், பிப்ரவரி மதிப்பீட்டில் இந்த 1,44,000-ஐயும் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். விட்டிருந்தால் அபராதத்துக்கு இடம் உண்டு.

கடைசியாகத் தங்கையின் வருத்தத்துக்கு. ஓராண்டு திரும்பிப் போய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்தாண்டு விதி உதவியிருக்காது. நீங்கள் வெளியே இருந்தது பத்து ஆண்டுகள்; மிட்ராண்டில் சொந்த வீட்டில் வேறு இருந்தீர்கள். மாறியிருக்கக்கூடியது விகிதம் மட்டும்: இருபதில் பத்து என்பது இருபத்தொன்றில் பதினொன்று ஆகியிருக்கும். அதே லாபத்துக்கு, சலுகைக்கு வெளியே நிற்கும் 4,00,000 என்பது 3,80,952 ஆகியிருக்கும். அந்த 19,048-இல் 40%, அதற்கு 36% என்று போட்டால் மிச்சம் 2,743 ராண்ட். அதற்காகப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் உங்கள் வேலையையும் விட்டுவிட்டு ஓராண்டு டர்பனில் இருந்திருக்க வேண்டும். இந்த எண்ணைத் தங்கையிடம் காட்டுங்கள். சாட்ஸ்வொர்த் வீட்டில் இன்னும் ஒரு பெட்டிக் காகிதம் இருக்கும் என்று எழுதியிருந்தீர்களே, புதிதாக வருகிறவர்கள் தூக்கி எறியும் முன் அதை வாங்கி வாருங்கள். அதில் 20,000 ராண்டுக்குக் கட்டட ரசீது கிடைத்தாலே, ஓராண்டு திரும்பிப் போயிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடியதில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும்.